ஒரு கொம்பும் ஓர் அரவும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இணுவிலில் வீட்டு மேசையில் இருந்து நான் பார்க்கும் வேலைக்குக் கோபம் தேவையே இல்லை, இருந்தும் வரும். மீன்பிடி வள்ளங்களின் எஞ்சினை எப்படித் திருத்துவது என்று சொல்லும் ஓர் இணையத்தளத்தைப் பராமரிக்கிறேன். பக்கங்களை எழுதுபவர் வல்வெட்டித்துறையில் எஞ்சின் திருத்தும் ஓர் அண்ணை. அவர் அனுப்புவதை நான் தளத்துக்குள் போட்டால், ஒரு நிரல் எல்லாவற்றையும் பக்கங்களாகக் கட்டி ஏற்றிவிடும். ஓர் இணைப்பு உடைந்திருந்தாலும் முழுவதையும் நிறுத்திவிடும். அந்தக் கண்டிப்பை வைத்தவளும் நான்தான்.

அண்ணை எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று சொல்லுவார். எழுத்தென்றால் மட்டும் கூச்சம். “பிழை இருந்தாச் சொல்லு தங்கச்சி, ஆக்கள் சிரிப்பினம்” என்று ஒவ்வொரு முறையும் மேலே எழுதி அனுப்புவார். மீனவர் சங்க அலுவலகக் கந்தோரில் கிடந்த பழைய தட்டச்சுப் பொறியில் பழகிய கை. கணினியிலும் அதே முறையில்தான் தட்டுவார்.

ஒரு நாள் காலை ‘தண்ணீரோட்டம்’ என்ற பக்கத்தின் முதற்பாதி வந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடாமல் சூடேறினால் என்ன செய்வது என்பது பற்றியது. அவர் வைத்த பெயரிலேயே கோப்பைச் சேர்த்துவிட்டு, முகப்பில் அதே பெயரை நானே தட்டி ஓர் இணைப்புப் போட்டேன். தளம் ஏறவில்லை. அப்படியொரு கோப்பே இல்லை என்றது. மூன்று தரம் செய்தேன், மூன்று தரமும் அதே பதில். கோப்பின் பெயரை ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை, தொலைபேசியை எடுத்துவிட்டேன்.

“அண்ணை, பேரிலை பிழை விட்டிருக்கிறியள். எந்த ர வரும், எந்த ற வரும் எண்டு பாத்து எழுத ஏலாதோ? முழுத்தளமும் நிக்குது.”

“எனக்கு உது சரிவராது தங்கச்சி. நீ வேறை ஆரையும் பார்” என்று வைத்துவிட்டார்.

மூன்று நாள் ஒரு சொல்லும் வரவில்லை. பக்கத்தின் மற்றப் பாதி அவருடைய தலைக்குள் இருந்தது. எனக்கு எஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவர் எழுதாவிட்டால் நான் வெறும் சட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

நாலாம் நாள்தான் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அவர் தட்டியதும் நான் தட்டியதும் அச்சொட்டாக ஒன்று. நம்பாமல், புள்ளி, சுழி எல்லாவற்றையும் தனிக் குறியாக எண்ணும் கணினியைக் கொண்டே எண்ணுவித்தேன். என்னுடையதில் பன்னிரண்டு குறி, அவருடையதில் பதின்மூன்று. வித்தியாசம் ‘ரோ’வில் இருந்தது. என் விசைப்பலகை அதன் முன்னால் நிற்கும் கொம்பையும் பின்னால் நிற்கும் கால் போன்ற அரவையும் சேர்த்து ஒரே குறியாகப் போடும். அவருடையது, கையால் எழுதுவதைப் போல, கொம்பு தனி, அரவு தனி. கண்ணுக்கு ஒரே சொல், கணினிக்கு இரண்டு சொல். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லும் வரியை நிரலில் வைக்காமல் விட்டவள் நான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

அந்த வரியைச் சேர்த்துவிட்டு அவரை அழைத்தேன்.

“அண்ணை, நீங்கள் பிழை விடேல்லை. பிழை என்ரை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“சமாளிக்கிறதுக்குச் சொல்லாதை.”

“உண்மையா அண்ணை. உங்கடை எழுத்துச் சரி.”

“உதை என்னட்டைச் சொல்லி என்ன செய்யிறது? அண்டைக்குப் போனை ஸ்பீக்கரிலை போட்டிருந்தனான். மகள் பக்கத்திலை இருந்து கேட்டவள்.”

தொலைபேசியை வைத்துவிட்டுத் தளத்தை ஏற்ற உட்கார்ந்தேன்.

தளத்தில் எதை மாற்றினாலும் ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதவேண்டும். அது ‘மாற்றங்கள்’ என்ற பக்கத்தில் எல்லோரும் வாசிக்கத் தானாக ஏறும். வழக்கமாக நான் ‘திருத்தம்’ என்று மட்டும் போடுவேன். அன்று இப்படி எழுதினேன்: “தண்ணீரோட்டம்: எழுதியவரின் எழுத்துச் சரி. பிழை தளத்தைப் பராமரிப்பவளுடையது.” தளம் முதல் தரத்திலேயே ஏறியது. ‘மாற்றங்கள்’ பக்கத்தின் இணைப்பை அவருக்கு அனுப்பினேன்.

பின்னேரம் மற்றப் பாதி வந்தது. மேலே ஒரு வரி: “மகள் அதைச் சத்தமா வாசிச்சவள். ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னனான்.” பிழை இருந்தால் சொல்லு என்ற வழக்கமான வரி அன்று இல்லை. உள்ளே இரண்டு இடத்தில் ன, ண மாறிக் கிடந்தது. ஒன்றும் சொல்லாமல் திருத்தி ஏற்றினேன்.