பெயர் சரியாக இருந்தால் இரண்டாம் அச்சு

பழைய நாடக நூல்களில் முதல் அச்சு எது என்று கண்டுபிடித்துச் சொல்லும் பெரும்பொறுப்பு அந்தப் புத்தகக் கடையில் ஒருவரிடம் இருந்தது. கடையில் அவருக்குப் பெயர் ‘திருத்தம்’. காரணப் பெயர்தான்.

இளவயதில் அவர் ஒரு நாடகத்தில் நடித்தார். தந்திக்காரன் வேடம். “அம்மா, தந்தி” என்பதுதான் மொத்த வசனம். அரங்கேற்றத்தன்று வாசலில் விற்க நாடகத்தை அவசர அவசரமாக அச்சிட்டதில், நடிகர் பட்டியலில் தந்திக்காரனுக்கு நேரே லைட் போடுகிறவரின் பெயர் விழுந்துவிட்டது. நம்மவர் பதிப்பாளர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். தொல்லை தாங்காமல் அவரும் அடுத்த அச்சில் பெயரைத் திருத்தினார். அட்டை, தாள், எழுத்து, ஆண்டு எதுவும் மாறவில்லை. ‘இரண்டாம் அச்சு’ என்று போடக்கூட மறந்துவிட்டார்கள்.

பிறகு நாடகாசிரியர் செத்துப் புகழடைந்தார். சேகரிப்பாளர்கள் முதல் அச்சுக்கு நாயாய் அலைந்தார்கள். இரண்டையும் பிரித்தறிய உலகத்தில் ஒரே வழிதான்: நம்மவரின் பெயர். அது இல்லையென்றால் பட்டுத்துணியில் சுற்றி வைக்கலாம். இருந்தால் எடைக்குப் போடலாம். நுணலுக்காவது வாயால் கெட்டதோடு போயிற்று. இவருக்கு அதுவே உத்தியோகமாகவும் அமைந்தது.

“தப்பா இருந்தா சரி, சரியா இருந்தா தப்பு. அண்ணன் ஒரு பார்வை பார்த்தா போதும்” என்று கடைக்காரர் விளக்குவார்.

அண்ணன் பார்த்தார். தன் பெயரைக் கண்ட இடமெல்லாம் ‘தேறாது’ என்றார். ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. தன் பெயர் எங்கே போய்விடும் என்ற தைரியம்.

வம்பு வீட்டில் வந்தது. கல்யாணம் பின்னால் நடந்ததால் மனைவி அந்த நாடகத்தைப் பார்த்ததில்லை; தந்திக்காரன் தான்தான் என்று அவர் சொல்லக் கேட்டதோடு சரி. ஒருநாள் கடைக்கு வந்தவள், கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்த முதல் அச்சின் நடிகர் பட்டியலைப் படித்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் மழை வரும் என்றாலும், “ஆமா, தந்தி குடுத்தவரு சொல்றாரு” என்பாள். இந்த ஒருத்தி தன்னை நம்பினால் போதும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை மிச்சமில்லை. அதற்குத் தன் பெயருள்ள பிரதி ஒன்றைக் காட்ட வேண்டும். ஆனால் அவர் தீர்ப்பு ஊரெல்லாம் பரவி, பெயர் சரியாக உள்ள பிரதிகளை அவரவர் வீட்டிலேயே கிழித்துப் போட்டுவிட்டார்கள். கடைக்கு ஒன்றும் வரவில்லை.

கடைசியில் யாரோ கொண்டுவந்த பழைய புத்தகக் கட்டுக்குள் அப்படி ஒரு பிரதி கிடைத்தது.

“தேறுமாண்ணே?” என்றார் கடைக்காரர்.

“தேறாது. நான் எடுத்துக்கவா?”

“தாராளமா. டீ டம்ளர் மூட ஆகும்.”

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை மாட்டி, விரல் வைத்துப் படித்தாள்.

“உங்க பேருதான்.”

“அதத்தானே இத்தனை வருஷமா சொல்றேன்.”

புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். “இது முதல் அச்சா?”

வேறு எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லியிருப்பார். “இல்ல. ரெண்டாவது.”

“அது செல்லாதுன்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்றீங்க?”

“விலைக்குத்தான் செல்லாது. பேரு வந்து...”

“அசல்ல லைட்காரரு பேரு. நீங்க போயி நச்சரிச்சு உங்க பேரப் போட வச்சிருக்கீங்க. நீங்க சொன்ன கதைதானே இது?”

தொழில்முறையில் பார்த்தால் அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

“நான் நடிச்சேன்டி.”

அவர் முகத்தில் எதைக் கண்டாளோ, குரலைத் தணித்துக்கொண்டாள். “சரி, நடிச்சீங்க. யாரு இல்லேன்னா? வாங்க, சாப்பிடுங்க.”

அவர் காய்ச்சலில் பிதற்றும்போதும் இதே குரலில்தான் ஆமாம் போடுவாள். அவர் போய்த் தட்டின் முன் உட்கார்ந்தார். இனி அவள் கேலிகூடச் செய்யமாட்டாள் என்பது அவருக்குப் புரிந்தது.