புளியங்கொட்டை விழுந்த சத்தம்

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, மண்டையைப் பிளக்கும் உச்சி வெயிலில், புதுச்சத்திரத்துக்கு மேற்கே தார் ரோட்டை விட்டுத் தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்து வீட்டில் நடந்தது. நம்பமாட்டேன் என்பவர்களோடு நான் மல்லுக்கட்டப் போவதில்லை. ஆனால் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்த தனப்பிரியாவுக்குக் கதை கட்ட வராது. சின்னப் பொய் சொன்னாலே முகம் காட்டிக் கொடுத்துவிடும். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

அவள் மகள் கனிஷ்காவுக்கு நாலு வயது. பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. போன வருஷம் ஆபரேஷன் செய்து தலைக்குள் ஒரு கருவி வைத்தார்கள். உள்ளே இருப்பது மட்டும் தனியாக வேலை செய்யாது. காதில் ஒரு மெஷினை மாட்டி, அதன் காந்த வட்டை முடிக்குள்ளே தலையோடு ஒட்டவைக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது.

மாட்டியும்தான் என்ன கண்டார்கள்? மாதங்கள் ஓடின. கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லை. சேலத்திலிருந்து பயிற்சி கொடுக்கும் கோகிலவாணி டீச்சர் வாரம் ஒருமுறை கம்ப்யூட்டரில், வீடியோவில் வருவார். பயிற்சி ரொம்பச் சுலபம். பிள்ளை ஒரு புளியங்கொட்டையைக் காதோரம் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சத்தம் கேட்டால் எவர்சில்வர் கிண்ணத்தில் போட வேண்டும். கனிஷ்கா பிடித்துக்கொண்டே இருப்பாள். கை வலித்தாலும் இறக்கமாட்டாள். அம்மாவின் முகத்தையே பார்ப்பாள். ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

போன வாரம் டீச்சர் பொறுமையாகத்தான் சொன்னார். "அடுத்த வெள்ளி ஒரு தடவை பாத்துடலாம்ங்க. அன்னைக்கும் போடலைன்னா, திரும்பத் தலையைத் திறந்துதான் பாக்கணும்."

அதைக் கேட்டதிலிருந்து தனப்பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் குணசீலன் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தான். மழை பிடித்தால்தான் ஊர் திரும்புவான். அழுவதற்குக்கூட வீட்டில் துணை இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, தலைக்கு ஊற்றி, இறுக்கமாக ஜடை பின்னி, காது மறைய மல்லிகைப் பூ வைத்தாள். சாமி படத்துக்கு முன்னால் நின்று, இன்றைக்கு ஒரே ஒரு கொட்டை விழட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு டீச்சர் திரையில் வந்தார். சிரித்தார். வாய் அசைந்தது.

சத்தம் வரவில்லை.

ஸ்பீக்கரைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. திருகைக் கடைசிவரை திருகினாள். திரையின் மூலையிலிருந்த சத்தக் குறியில் பெருக்கல் போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பின்னால் சொருகியிருந்த பச்சை முனையை உருவி, ஊதி, மறுபடி சொருகினாள். முன்பக்க ஓட்டையில் சொருகிப் பார்த்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். டீச்சர் திரும்ப வந்தார். வாய் மட்டும் அசைந்தது...

"மேடம், சத்தம் வரலீங்க," என்றாள். நாங்கள் பேசுவது கேட்கிறதா என்று கேட்டதற்கு டீச்சர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பொறுங்கள், வயரைப் பாருங்கள் என்று கையால் காட்டினார்.

முந்தின நாள்வரை பாட்டுப் பாடிய ஸ்பீக்கர். இன்றைக்குப் பார்த்துத்தானா கழுத்தறுக்க வேண்டும்? பிள்ளையின் தலைமேல் கத்தி தொங்கும்போது, ஒரு வயரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கிறோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. மேசைக்கு அடியில் புகுந்து கரண்டு வயரைத் தேடினாள்.

அப்போதுதான் அது கேட்டது.

டங்.

கிண்ணத்தில் புளியங்கொட்டை விழும் சத்தம்.

தனப்பிரியா அப்படியே உறைந்தாள். மெல்லத் தலையை நீட்டிப் பார்த்தாள். கனிஷ்கா அடுத்த கொட்டையை எடுத்துக் காதோரம் வைத்திருந்தாள். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கேட்கிற பிள்ளை எப்படி இருக்குமோ, அப்படி.

டங்.

"கேக்குதா சாமி?" தனப்பிரியாவுக்குக் கண்ணீர் பொங்கியது. திரையில் டீச்சர் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். தனக்குக் கேட்காத அளவுக்கு ஸ்பீக்கரில் மெல்லச் சத்தம் வருகிறதோ? எழுந்து அதன்மேல் காதை வைத்துப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை. தன் காதுதான் அடைத்துவிட்டதோ என்று நினைத்தாள். இல்லை, மின்விசிறி சுற்றுவது கேட்டது. ரோட்டில் கோழி லாரி போவது கேட்டது.

டங்.

கனிஷ்கா ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. திறந்திருந்த பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரமும், சுவர் இடிந்த கிணறும்தான் இருந்தன.

ஏதோ கையில் உறுத்தியது. தனப்பிரியா குனிந்து பார்த்தாள். ஸ்பீக்கரின் பிளக். மேசைக்கு அடியில் தேடும்போது சுவரிலிருந்து உருவியிருக்கிறாள். பச்சை விளக்கு அணைந்து கிடந்தது.

டங்.

பிள்ளையை இழுத்து மடியில் வைத்து, பூவை விலக்கித் தலையைத் தடவினாள்...

மெஷின் இல்லை.

எண்ணெய்க் குளியலுக்காகக் கழற்றியது. ஈரம் ஏறக்கூடாதென்று வழக்கம்போல அரிசி டப்பாவுக்குள் வைத்தது. ஜடை பின்னிய அவசரத்தில் மாட்டவே மறந்துபோயிருந்தது.

டங்.

கையில் இருந்த கடைசிக் கொட்டை அது. கனிஷ்கா மடியிலிருந்து இறங்கினாள். பின்வாசலைப் பார்த்து நடந்தாள்.

வாய் திறந்தது.

"வாரேன்."

நாலு வருஷத்தில் முதல் வார்த்தை.

தனப்பிரியா பாய்ந்து பிடித்தாள்.

பிள்ளை இழுத்தது. பிள்ளையின் பலம் இல்லை அது.

"வாரேன்... வாரேன்..."

காலால் கதவை அடித்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள்.

பிள்ளையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. காக்கைகூடக் கத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். பாப்பா பிரமாதமாகச் செய்துவிட்டாள், இனிமேல் ஆபரேஷன் வேண்டாமென்று டாக்டருக்கு எழுதப்போகிறேன் என்றார். ஸ்பீக்கர் கடைசிவரை வேலை செய்யவில்லையே என்றாள் தனப்பிரியா.

"தெரியும்ங்க. அதனாலதான் நான் எந்தச் சத்தமும் கொடுக்கல. உங்க பின்னாடி இருந்து அந்தம்மா 'வா சாமி, வா சாமி'ன்னு கூப்பிட்டாங்களே, அதுக்குத்தான் பாப்பா போட்டா. ஒரு தடவைகூடத் தப்பல. யாருங்க, உங்க மாமியாரா?"

"ஊட்டுல நானும் பாப்பாவும் மட்டுந்தாங்க மேடம்."

டாக்டருக்கு எதுவும் எழுதாதீர்கள் என்று தனப்பிரியா கெஞ்சினாள். இதைவிட ஒரு தாய்க்கு என்ன கொடுமை வேண்டும்? பிள்ளைக்குக் கேட்கிறது என்ற வார்த்தைக்காகத் தவம் கிடந்தவள், தன் வாயாலேயே கேட்கவில்லை என்று சொல்லி, மெஷினை மாட்டி மறுபடி பார்க்கச் சொன்னாள். மறுநாள் பார்த்தார்கள். டீச்சர் ஸ்பீக்கர் அதிர அதிரக் கத்தினார். ஆம், அன்றைக்கு ஸ்பீக்கர் தானாகவே சரியாகிவிட்டிருந்தது. கனிஷ்கா கொட்டையைப் பிடித்தபடியே இருந்தாள். ஒன்றுகூட விழவில்லை.

வீட்டுச் சொந்தக்காரர் சென்னியப்பனிடம் தனப்பிரியா எல்லாவற்றையும் சொன்னாள். இந்தக் கிணற்றில் யாராவது விழுந்திருக்கிறார்களா என்று கேட்டாள். அவர் தன் அக்கா ராமாத்தாள் விழுந்ததாகச் சொன்னார். குழந்தை இல்லாதவளாம். எந்தப் பிள்ளையைக் கண்டாலும் விடமாட்டாளாம்.

"ஆனா நீங்க சொல்றது அக்காவா இருக்காது அம்மிணி," என்றார். "அக்கா பொறவி ஊமை. சாகற வரைக்கும் ஒரு வார்த்தை பேசுனதில்ல."

இரண்டாவது ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பழைய கருவி உள்ளே எப்போதோ செத்துப்போயிருந்தது என்றார் டாக்டர். புதியது வேலை செய்கிறது. இப்போது அம்மாபேட்டையில் குடியிருக்கிறார்கள். கிணறே இல்லாத தெரு. கனிஷ்கா வாய் ஓயாமல் பேசுகிறாள், அதற்கு ஒரு குறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு மெஷினைக் கழற்றும்போது மட்டும் அவள் பேச்சு நின்றுவிடும். தலை ஒருபக்கம் சாயும். இரண்டு விரலும் எதையோ பிடித்ததுபோலச் சேர்ந்து, கை தானாகக் காதோரம் ஏறும். தனப்பிரியா அந்தக் கையை எட்டிப் பிடித்துத் தன் கைக்குள் இறுக மூடிக்கொள்வாள்.

கொஞ்ச நேரத்தில், அவள் கைக்குள்ளேயே அந்த விரல்கள் விரியும்.