வட்டி இல்லாத லாபம்

தென்காசியில் மியூச்சுவல் ஃபண்டு விற்பதுதான் என் பிழைப்பு. மாடியில் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வாய் மட்டும் நான்கு ஊரில் கிளை வைத்திருப்பவனுடையது.

சீசன் சமயத்தில் ஒரு ஃபண்டு கம்பெனி குற்றாலத்தில் ஏஜெண்டுகளுக்குக் கூட்டம் வைத்தது. வெளியூர்க்காரர்கள் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர்க்காரனான நான் பிரியாணிக்காகப் போயிருந்தேன். வட்டி விகிதம் இறங்க ஆரம்பித்துவிட்டது, அரசாங்கக் கடன் பத்திர ஃபண்டை விற்க இதைவிட நல்ல நேரம் வராது என்றார் மேனேஜர். விஷயம் எளிதுதான். அரசாங்கம் அதிக வட்டிக்குக் கடன் வாங்கிய காலத்தில் எழுதிக்கொடுத்த பத்திரங்கள் ஃபண்டின் கையில் இருக்கும். புதுப் பத்திரங்களுக்கு வட்டி குறைந்தால் பழையதற்குக் கிராக்கி வந்து விலை ஏறும். வட்டிக்கு வட்டியும் ஆச்சு, விலையும் ஏறியாச்சு.

மறுநாளே எங்கள் தெருக்கார அம்மா ஒருவர் ஆபீஸ் படியேறி வந்தார். துபாயில் இருபது வருஷம் உழைத்துவிட்டு வந்து இறந்துபோன கணவரின் பணம் அவரிடம் இருந்தது. அவர்கள் மார்க்கத்தில் வட்டி ஆகாது என்பதால், வட்டியே சேராத கரண்ட் அக்கவுண்டில் அதைப் போட்டு வைத்திருந்தார். ஹஜ்ஜுக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. பயணச் செலவு வருஷா வருஷம் ஏறியது, பணம் இருந்த இடத்திலேயே இருந்தது. வட்டி கலக்காத வழி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கலாம். கமிஷன் கண்ணை மறைத்தது. புளியங்குடியில் எலுமிச்சை வரத்து குறைந்தால் கையில் சரக்கு வைத்திருப்பவனுக்கு விலை ஏறுவதில்லையா, அது மாதிரிதான் என்று ஆரம்பித்தேன். விலை ஏற்றத்தைப் பற்றி அரைமணி நேரம் அளந்தேன். அந்தப் பத்திரங்களே வட்டிக்குக் கொடுத்த கடன்தான் என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவர் சும்மா தலையாட்டுகிறவர் இல்லை. கையெழுத்துப் போடுமுன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டார்.

"அண்ணாச்சி, இதுல வட்டி இல்லல்லா? இருந்தா எனக்கு வேண்டாம். போற காரியம் அப்படி."

"விலை ஏத்தம்தாம்மா," என்றேன்.

நான் பொய் சொல்லவில்லையே என்று அன்று சாயங்காலம் என்னையே தேற்றிக்கொண்டேன். பாதியைச் சொல்லிப் பாதியை முழுங்குவதற்கு என்ன பெயர் என்று தெரியாத குழந்தையா நான்?

மேனேஜர் சொன்னபடியே நடந்தது. வட்டி இறங்க இறங்க ஃபண்டு ஏறியது. ஹஜ்ஜுக்குப் பற்றாமல் இருந்த தொகை அந்த லாபத்திலேயே நிரம்பிவிட்டது. மாதாமாதம் ஃபண்டின் அறிக்கை என் ஆபீஸுக்கு வரும். அதில் ஒவ்வொரு பத்திரத்தின் பெயரோடும் அதன் வட்டி விகிதம் அச்சாகியிருக்கும். அந்தத் தாளை மட்டும் அவர் கண்ணில் படாமல் மேசை டிராயரில் போட்டு வைப்பேன். சொன்னால் அந்த லாபத்தை அவர் தொடமாட்டார், பயணம் நின்றுபோகும், பாவம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவருக்காகப் பரிதாபப்பட்டேனாம். உண்மையில் பயந்தேன். எங்கள் தெருவில் பாதிப்பேர் என்னிடம்தான் பணம் போட்டிருந்தார்கள்.

பணத்தை எடுத்துக் கொடுத்தேன். பயணம் உறுதியாயிற்று.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் தெரிந்தவர் வீடுகளுக்கெல்லாம் போய், அறிந்தோ அறியாமலோ செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்புவது வழக்கம். எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் மனைவி காபி கொடுத்தாள். குடித்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். டம்ளரை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு ஒங்கள நம்பாத மாதிரி வட்டி இருக்கான்னு கேட்டுட்டேன். மனசுல வச்சிருந்தா பொறுத்துக்கிடுங்க."

வாயைத் திறந்து சொல்லிவிட அப்போதும் நேரம் இருந்தது. மனைவி பெருமையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா தலையைக் குனிந்தபடி பதிலுக்காகக் காத்து நின்றார்.

பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னேன்.