சித்தி லைலாவின் அமானிதம்

என் பெண்டாட்டியின் பெயர் சித்தி லைலா. அவளோடு கதைத்து வென்றவர் சாய்ந்தமருதில் யாரும் இல்லை. கல்முனையில் புடவைக்கடை வைத்து நாள் முழுக்கப் பேரம் பேசுகிற நானே, வீட்டுக்கு வந்தால் தோற்றவன்தான். அவளுக்கு நெஞ்சில் அடைப்பு, உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று டொக்டர் சொன்னார். இவள் மாட்டேன் என்றாள்.

"அந்த அமானிதத்தக் குடுக்காம நான் கத்திக்குக் கீழ படுக்க மாட்டன். மௌத்தானா அல்லாஹ்க்கு என்ன பதில் சொல்ற?"

அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். இவளிடம் இருந்தது ஒரு சின்னத் துணி முடிச்சு. யுத்த காலத்தில் மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வரும்போது பின் சீட்டில் ஒரு பொடியன். பெயர் கிசோக், ஊர் சொறிக்கல்முனை, அன்றுதான் தடுப்பு முகாமிலிருந்து விட்டார்களாம். சோதனைச் சாவடியில் பஸ் நின்றதும் முடிச்சை இவள் மடியில் போட்டு, "வச்சிருங்க ராத்தா" என்று அக்கா முறை வைத்துச் சொல்லியிருக்கிறான். அவனை இறக்கினார்கள். பஸ் அவனை விட்டுவிட்டு வந்துவிட்டது.

அந்த நாளில் ஊர் விட்டு ஊர் போக முடியாது. போக முடிந்தபோது அவனும் வீட்டாரும் இந்தியாவுக்குப் போயிருந்தார்கள். முடிச்சைப் பிரித்துப் பார்க்கவும் இவள் விடவில்லை. நம்முடைய சாமானா அது என்பாள். சுனாமி அன்று சீதன நகையெல்லாம் அலுமாரியோடு கடலுக்குப் போக, இவள் முடிச்சை மட்டும் சட்டைக்குள் சொருகிக்கொண்டு ஓடினாள். எவனுடைய கந்தலையோ காப்பாற்றினாயே என்று ஏசினேன். அவள் முடிச்சை இன்னும் ஆழமாகச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டாள்.

போன கிழமை கடைக்குச் சேலை வாங்க வந்த சொறிக்கல்முனைப் பெண்ணிடம் கேட்டேன். கிசோக் திரும்பி வந்து ஒரு வருசமாகிறது என்றாள். அடுத்த நாளே லைலாவை ஓட்டோவில் ஏற்றினேன்.

கிசோக்குக்குத் தலை நரைத்திருந்தது. முடிச்சைக் கண்டதும் முற்றத்திலேயே குந்திவிட்டான். பிரித்தால் உள்ளே ஒரு கறுப்பு மோதிரம். முகாமில் அவனோடு இருந்த யூட் என்ற பொடியன், தேங்காய்ச் சிரட்டைத் துண்டைச் சீமெந்துத் தரையில் மாதக்கணக்காக உரசிச் செய்தது. உள்பக்கம் தன் பெயரையும் கீறியிருந்தான். தாயிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்து விட்டிருக்கிறான். யூட் திரும்பி வரவேயில்லை.

"ராத்தா, நான் வச்சிருங்க எண்டு சொல்லல்ல. வீசிருங்க எண்டுதான் சொன்ன. பேர் கீறின சாமான என்னட்டக் கண்டா திரும்ப உள்ள போட்டிருவானுகள் எண்டு பயம். யன்னலால வீசிருங்க எண்ட."

வச்சிருங்க, வீசிருங்க. பஸ் இரைச்சலில் பிழையாகக் கேட்ட ஒரு சொல்லுக்காகவா இவள் கடலோடு போட்டி போட்டாள்? சுப்ஹானல்லாஹ் என்று என் வாய் தானாகச் சொன்னது.

லைலாவின் முகம் செத்துப்போனது. "அப்ப இது அமானிதமே இல்லையா தம்பி?"

"அமானிதம்தான் ராத்தா. அவன் என்னட்டத் தந்தது. வீசினவன் நான்." மோதிரத்தை அவளிடமே நீட்டினான். "அவன்ட அம்மா உசிரோட இரிக்கா. நான் அவ வீட்டு ஒழுங்கையால போறதே இல்ல. நீங்களே குடுங்க."

"எனக்கு ஏலா. ஒன்ட கையாலதான் குடுக்கணும். எழும்பு, நானும் வாறன்."

யூட்டின் தாய் வாசலில் புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். கிசோக் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னான், வீசச் சொன்னதையும் மறைக்கவில்லை. அவர் மோதிரத்தை விரலில் போட்டுப் பார்த்தார். மகன் நினைப்பில் வைத்து அளந்த விரல் வற்றிப்போயிருந்தது, மோதிரம் கழன்று விழுந்தது. பெருவிரலில் போட்டார். நின்றது. அதைத் தடவிக்கொண்டே, "இவ்வளவு நாளும் ஏன் மனே இந்தப் பக்கம் வரல்ல?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது லைலா, "டொக்டருக்குச் சொல்லுங்க, திங்கக்கிழம வாறம் எண்டு" என்றாள். இத்தனை நாளும் இதைத்தான் அவளிடம் கெஞ்சினேன். ஆனால் போனைக் கையில் எடுத்தபோது மௌத்தானா என்று அவள் தன் சாவைச் சொன்னது நினைவுக்கு வந்தது, நம்பரை அழுத்த முடியவில்லை.