ஆழத்தில் அலை தெரியாது

கேரள எல்லையோரம் குன்னத்துகாலில் எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பர் மரங்கள்தான். அம்மாவும் போன பிறகு அங்கே நான் மட்டும் இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போய்ப் பள்ளியில் புவியியல் எடுப்பேன். மாலையில் திரும்பி ஒரு ஆளுக்குக் கஞ்சி வைப்பேன். பள்ளியில் ஓயாமல் பேசும் நான் வீட்டுக்கு வந்தால் மறுநாள் காலை வரை வாய் திறக்க வேண்டியிருக்காது.

அந்தச் சமயத்தில்தான் அவள் வாடகைக்கு வந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கடற்கரைக்காரி. சுனாமியில் புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லை. பனச்சமூட்டில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்திருந்தது. அறையைப் பார்க்க வந்த அன்று அவள் கேட்டது ஒன்றுதான்.

"டீச்சரே, இஞ்ச கடல் சத்தம் கேக்குமா?"

"கேக்காது மக்கா. காத்தடிச்சா ரப்பர் இலைச் சத்தம் உண்டு, அவ்வளவுதான்."

மறுநாளே தையல் மிஷினோடு வந்துவிட்டாள். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஆனாலும் பக்கத்து அறையில் ஒரு ஆள் இருமுவது கேட்டால் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் மரச்சீனிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டாள். "எங்க கரையில வீடெல்லாம் போச்சு. பாறைக்கு அந்தப் பக்கம் எனக்க அண்ணன் வீடு. அங்க முற்றத்தில தண்ணி ஏறினதோட சரி. ஒரே கடல்தானே டீச்சரே? நாங்க மட்டும் என்ன பாவம் செய்தோம்?"

கடலுக்கு அடியிலும் மேடு பள்ளம் உண்டு என்றேன். ஆழத்தில் அலை வேகமாக ஓடும், ஆழம் குறையக் குறைய வேகமும் குறையும்.

"பனச்சமூடு ஜங்ஷன்ல முன்னால போற பஸ் மெதுவானா, பின்னால வாற வண்டியெல்லாம் நெருக்கிட்டு வந்து நிக்குமில்லியா? அதுபோலத்தான். முன்னால உள்ள தண்ணி மெதுவாகும், பின்னால வாறது அதுக்க மேல ஏறும். அப்படித்தான் அலை உயரும்."

அடியில் ஒரு மேடு கரையை நோக்கி நீண்டு கிடந்தால், இரண்டு பக்கத்து அலையும் அதன் பக்கம் வளைந்து வந்து சேரும். பள்ளம் இருந்தால் விலகிப் பரவிவிடும். "உங்க கரைக்கு முன்னால மேடு கிடந்திருக்கலாம், அண்ணன் கரைக்கு முன்னால பள்ளம். நான் அளந்து பாக்கல்ல. ஆனா இதில பாவம் ஒண்ணும் இல்லை."

அவள் கையில் கத்தி நின்றது.

"அப்போ ஆழத்தில அலை உயராதா?"

"பெரிசா உயராது. வள்ளத்தில இருக்கியவனுக்கு அது அடியில கடந்து போனதுகூடத் தெரியாது."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அன்னு கிறிஸ்துமசுக்கு மறுநாள். அவரு கடலுக்குப் பொறப்பட்டாரு. ஒரு நாள் வீட்டில கிடங்கன்னு நான்தான் தடுத்தேன். கடல்ல நின்னிருந்தா எனக்க மொவன் பிழைச்சிருப்பான்னு மாமி சொல்லிச் சொல்லி அழுதா. என் மேல உள்ள வெறுப்பில சொல்லுதாள்னு நினைச்சு இஞ்ச வந்துட்டேன். அது உண்மையாக்குமா டீச்சரே?"

ஒரு பொய் நாக்கு வரை வந்தது. அவள் கண் என்னை விட்டு நகரவில்லை.

"ஆழத்தில நின்னிருந்தா பிழைச்சிருப்பாரு மக்கா. ஆனா அன்னு காலையில அது யாருக்குத் தெரியும்? உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது."

அவள் அழவில்லை. மிச்சக் கிழங்கையும் உரித்து முடித்தாள். அடுத்த ஞாயிறு கரைக்குப் புறப்பட்டாள். "மாமி சொன்னது உண்மைதான்னு அவகிட்ட நான் சொல்லணும். அவளுக்கும் வேற யாரு உண்டு?"

மறுநாள் போனில் பேசினாள். மாமியார் முதலில் கதவைத் திறக்கவில்லையாம். வெயில் தாழ்ந்த பிறகுதான் திறந்தாராம்.

"என்ன பேசினிய?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசல்ல டீச்சரே. ரெண்டுபேரும் இருந்து அழுதோம்."

அந்த மாதமே ஆட்டோ பிடித்து வந்து மிஷினை ஏற்றிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? "வாறேன் டீச்சரே" என்றாள். ஆட்டோ ரோட்டில் திரும்பும் வரை நின்றேன்.

அந்த அறையைக் கேட்டு அதன் பிறகு பலர் வந்தார்கள். யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. இப்போதும் அவள் எப்போதாவது கூப்பிடுவாள். மாமியாரும் போனை வாங்கி, "டீச்சரே, சுகந்தானா? ஒருக்கா இஞ்ச வரப்பிடாதா?" என்று கேட்பார். வருகிறேன் என்பேன். பின்னால் அவர்கள் இருவரும் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்கும். பேச்சு முடிந்த பிறகும் போனைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.