டியூப்லைட்டில் பார்த்து வாங்கிய ஜி.பி.எஸ்.

ஞாயிறுகளில் நானும் நண்பன் சேகரும் விமானம் ஓட்டும் கிளப்பின் இரண்டு சீட் விமானத்தில் பறப்போம். வழி பார்க்க, கையடக்க ஜி.பி.எஸ். ஒன்று வாங்கக் கடைக்குப் போனோம்.

"கறுப்பு வெள்ளைத் திரையே சாக்கு குரு, அது போதும். கலர்னா வெளிய வெயில்ல வெச்சுப் பாரு," என்றான் சேகர், தன் கன்னடம் கலந்த தமிழில்.

டியூப்லைட்டில் கலர்த் திரை பளபளத்தது. நான் நாற்காலியை விட்டு எழாமலே அதை வாங்கிவிட்டேன்.

அந்த ஞாயிறே, உச்சி வெயிலில், மேலே பறக்கையில் அந்தத் திரையில் என் மூஞ்சிதான் தெரிந்தது. வழி தவறி, பறக்கத் தடையுள்ள பகுதிக்குள் நுழைந்துவிட்டோம். ஓட்டியது சேகர். விசாரணை நடந்து அவன் லைசென்ஸ் பறிபோனது.

இப்போது செல்போன் வாங்கினாலும், கடைக்காரர் முறைக்க முறைக்க, தெருவுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்க்கிறேன். என்ன பிரயோஜனம்? என் நம்பர் தன் திரையில் தெரிந்தால் சேகர் எடுப்பதில்லை.