முருங்கை நாற்பத்தேழு

அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்தது கல்பனாதிக்காகவா, எனக்காகவா?

இருபத்தைந்து வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில், காபிக்கொட்டை அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் என் முதல் வேலை. காலை பத்து மணிக்கெல்லாம் புடவை வரை காபி மணக்கும். கீழே மெஷின் ஓடினால் எங்கள் மானிட்டர்கள் லேசாக நடுங்கும்.

கல்லூரிகளுக்குத் தேர்வு முடிவு தயாரித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. முதலாளி வங்காளி. மொத்தம் ஒன்பது பேர். அதில் தமிழ் நானும் என் சீனியர் ராகவன் சாரும்தான். வாசல் மேஜையில் போனும் டைப்பிங்கும் கல்பனாதி. தி என்றால் அக்கா... டாலிகஞ்சிலிருந்து வருவாள், நாற்பது வயதிருக்கும், அடர்ந்த சிவப்பு லிப்ஸ்டிக்.

மதிப்பெண்கள் இருந்த கம்ப்யூட்டருக்கு வாராவாரம் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும். அதை எங்கேயும் எழுதக்கூடாது என்பது விதி. எனக்கோ மறந்துபோகும். என் மேஜைக்கு மேலே மளிகைக்கடை கொடுத்த தமிழ்க் காலண்டர் தொங்கியது. அதில் தமிழில் எழுதிவிடுவேன். ஒரு வாரம் கத்தரி, ஒரு வாரம் புடலை. அந்த வாரம், முருங்கை 47.

எல்லோர் கண்ணெதிரேயும் தொங்கியது. ராகவன் சாரையும் என்னையும் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாது. பார்த்தால் வீட்டுச் சாமான் பட்டியல் மாதிரி இருக்கும். எம்.சி.ஏ. படித்தவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட...

ஒரு திங்கட்கிழமை ராகவன் சார், கம்ப்யூட்டருக்குள் யார் எப்போது போனார்கள் என்று காட்டும் லாகைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"சனிக்கிழமை ஒண்ணரை மணிக்கு யாரோ உள்ள போயிருக்கா. நீ சாப்பிடப் போயிருந்தே, எனக்குத் தெரியும். ஆனா பேரு உன் பேரு."

"யார் சார்?"

"அது தெரியலே. முதல்ல அந்தத் தாளைக் கிழி."

கிழித்தேன்.

மார்க் எதுவும் மாறவில்லை. யாரோ பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் கல்லூரிக்குத் தெரிந்தால் எங்கள் கம்பெனியிடமிருந்து வேலையைப் பிடுங்கிவிடுவார்கள். லாக் முதலாளிக்கும் போகும். அவர் என்னைக் கூப்பிட்டு, நாளைக்குள் யாரென்று சொல்லாவிட்டால் நாளை மறுநாள் வர வேண்டாம் என்றார். சத்தம்கூடப் போடவில்லை. நான் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்தான், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

மாலை படியிறங்கும்போது பின்னால் ஒரு குரல்.

"ஜெயா, நான்தான் பாத்தேன்."

தமிழில்.

திரும்பினால் கல்பனாதி.

"எம் பொண்ணு பேரை மட்டும்தான் பாத்தேன். வேற ஒண்ணும் தொடலே. போன வருஷம் கணக்குல போச்சு. இந்த வருஷமும் போனா அவ அப்பா படிப்பை நிறுத்திடுவாரு. வெள்ளிக்கிழமை ரிசல்ட் போடற வரைக்கும் காத்திருக்க மனசு கேக்கலே."

"உங்களுக்குத் தமிழ் எப்படி?"

"கரக்பூர் ரயில்வே காலனிலே வளந்தேன். ரெண்டு பக்கமும் தமிழ் வீடு. அந்தப் பிள்ளைங்ககூட உக்காந்து எழுதப் படிக்கக் கத்துக்கிட்டேன்."

"ஒரு வருஷமா சொல்லவே இல்லையே, தி."

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் பேசறதை நிறுத்திடுவீங்க. நல்லா பொழுது போச்சு. முதலாளிக்கு என்னென்ன பேரு வெச்சீங்க..." சிரித்தாள். "என் லிப்ஸ்டிக் பத்திப் பேசினதுதான் பிடிக்கலே."

"பொண்ணு பாஸா?" என்று கேட்டேன்.

"பாஸ்."

நேராகத் திரும்பி மேலே போய் முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அவள் பெயரைச் சொன்னால் பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது என்று கேட்பார். காலண்டர் வெளியே வரும். அவள் மகளை நினைத்தேனா, அந்தத் தாளை நினைத்தேனா... இரண்டும் ஒன்றாகவே கலந்திருந்தன.

இப்போது நியூ டவுனில், இருபதாவது மாடியில், தகவல் பாதுகாப்பு பற்றி வகுப்பெடுக்கிறேன். போன வாரம் சென்னையிலிருந்து வந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "மேடம், ஆபீஸ் சாட்ல தமிழ்ல அடிச்சா மானிட்டரிங்ல மாட்டாதுல்ல?" போன் கேமராவைக் காட்டினால் எந்த எழுத்தையும் மொழிபெயர்த்துவிடுகிறது, இவள் இன்னும் நான் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். அந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று எங்களுக்குச் சட்டம் தெரியாது. இன்று சட்டம் இருக்கிறது, படிவம் இருக்கிறது, சம்மதம் கேட்கும் அறிவிப்பைப் பல மொழிகளில் கொடுக்கச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதை எந்த மொழியிலும் யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. கல்பனாதி ஒரு வருடம் எங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கவனத்தோடு என்னை இன்று படிப்பது மெஷின்கள் மட்டும்தான். அவை படியில் நிறுத்தி ஒப்புக்கொள்வதில்லை.

அன்று படியில் பேசியதற்கு மறுநாள் நடந்தது இது.

என்ன சொல்வதென்று முடிவு செய்யாமலேயே பத்து மணிக்குப் போனேன். வாசல் மேஜை காலி. முதலாளி கூப்பிட்டார். கல்பனா ஒன்பது மணிக்கே வந்து தானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள் என்றார். நான் டைப் செய்யும்போது பின்னால் நின்று விரல்களைப் பார்த்துத்தான் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டாளாம்.

"இனிமேல் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து டைப் பண்ணு," என்றார்.

"சரி சார்," என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை.

ஆள் கிடைக்கும்வரை வாசல் மேஜையில் என்னை உட்காரச் சொன்னார்கள். முதல் போன் யாரோ ஒரு அம்மா. மகனுடைய ரிசல்ட் வந்துவிட்டதா என்று வங்காள மொழியில் கேட்டாள். வெள்ளிக்கிழமை கல்லூரி போர்டில் போடுவார்கள் என்றேன்.

"உங்களுக்கு இப்பவே தெரிஞ்சிருக்குமே, மா?"

தெரியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.